படம் எடுத்தவரை மட்டும் திட்டாதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்ட பிள்ளைகள் இன்னும் ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சாலை விபத்துப் படம் வந்தது. நாளிதழில் வந்ததை யாரோ போனில் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். ரத்தத்தில் கிடந்த பையனின் முகம் நன்றாகவே தெரிந்தது. அதன் கீழே என் மருமகன் எழுதியிருந்தார்: "போட்டோ எடுத்த நேரத்துல அந்தப் பயல தூக்கி ஆஸ்பத்திரில சேத்திருக்கலாம்லா?" பத்துப் பேர் அதை ஆமோதித்திருந்தார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அது பாதிக் கேள்வி. அந்தப் படத்தை அச்சில் போடலாம் என்று முடிவு செய்தவர் யார் என்பது மீதிப் பாதி. அதை யாரும் கேட்கவில்லை. எப்போதுமே கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2017 அக்டோபர் 23-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். திங்கட்கிழமை, மனுநாள். திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே தீக்கு இரையானது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். நால்வரும் பிழைக்கவில்லை. பலமுறை மனுக் கொடுத்தும் வழி பிறக்காதவர்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

தீயில் நின்ற அந்தக் குழந்தைகளின் படம் அன்றைக்கே எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. அப்போதும் ஊரெல்லாம் கேட்ட கேள்வி இதுதான்: படம் எடுத்தவர்கள் காப்பாற்றியிருக்கக் கூடாதா? அங்கே நின்றவர்களால் என்ன செய்ய முடிந்தது, என்ன முடியவில்லை என்று, அங்கே இல்லாத நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இருந்தது சில நொடிகள். ஆனால் அந்தக் குழந்தைகளின் முகத்தை மறைக்காமல் வெளியிட்டவர்களுக்கு நேரம் இருந்தது. மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, பக்கத்தில் கலந்து பேச ஆள் இருந்தது. நொடிகளில் செயல்பட வேண்டியிருந்தவரை நாம் கேள்வி கேட்கிறோம். மணிக்கணக்கில் யோசிக்க முடிந்தவரை விட்டுவிடுகிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை. கெவின் கார்ட்டர் கதை உங்களில் பலருக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு நாலு தடவையாவது வந்துவிடும். சூடானில் பசியால் சுருண்டு கிடந்த குழந்தை, பின்னால் ஒரு பிணந்தின்னிக் கழுகு. 1993 மார்ச் 26 அன்று நியூயார்க் டைம்ஸில் வெளிவந்த படம். அடுத்த வருடம் புலிட்சர் பரிசு. பரிசு வாங்கிய சில மாதங்களில், 33 வயதில், கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டார். நம் ஆட்கள் இந்தக் கதையை, காப்பாற்றாமல் படம் எடுத்தவனின் கதி என்று நீதி சொல்லி முடிப்பார்கள்.

அந்தக் கதையில் யாரும் சொல்லாத ஒரு பகுதி உண்டு. படம் வந்ததும், அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று வாசகர்கள் பத்திரிகையைக் கேட்டார்கள். சில நாள் கழித்துப் பத்திரிகை ஒரு குறிப்பு வெளியிட்டது: குழந்தை எழுந்து நடக்கும் அளவுக்குத் தேறியது, ஆனால் உணவு மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. படத்தை அச்சில் ஏற்றும் முன்பு ஆசிரியர் குழு கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, அச்சில் வந்த பின்பு வாசகர்கள் கேட்க வேண்டி வந்தது. பழி மட்டும் முழுக்க கார்ட்டர் தலையில் விழுந்தது. அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர்களின் பெயர் உங்களில் யாருக்காவது தெரியுமா?

சரி, நம் ஊரில் ஒரு படம் எப்படிப் பக்கத்துக்கு வருகிறது? பத்திரிகை வேலைக்குப் போன என் மாணவர்கள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். தாலுகாவுக்கு ஒரு பகுதிநேர நிருபர் இருப்பார். பலருக்கு ஒழுங்கான மாதச் சம்பளம் கிடையாது. விபத்து என்றால் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவார், போனிலேயே படம் எடுப்பார், மாவட்ட அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அங்கே உதவி ஆசிரியர் பார்க்கிறார். பக்கம் வடிவமைப்பவர் இடத்துக்குத் தக்கபடி வெட்டுகிறார். பதிப்புக்குப் பொறுப்பானவர் சரி என்கிறார். இரவு அச்சுக்குப் போகிறது. குறைந்தது மூன்று பேர் கண்ணைத் தாண்டித்தான் அது நம் திண்ணைக்கு வருகிறது.

அந்த நிருபர் ஒரு நாள் மனசு கேட்காமல் படம் எடுக்காமல் வந்துவிட்டார் என்று வையுங்கள். மறுநாள் காலையில் போன் வரும்: "அவன் பேப்பர்ல வந்திருக்கு, நம்ம பேப்பர்ல ஏன் இல்ல?" இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அடுத்த முறை அவர் எல்லாவற்றையும் எடுத்து அனுப்புகிறார். எடுப்பவர் எல்லாவற்றையும் எடுக்கட்டும், அதில் தப்பில்லை. சாட்சியாக வேண்டியிருக்கலாம், வழக்குக்கு வேண்டியிருக்கலாம். ஆனால் வந்ததையெல்லாம் போடுவதற்கு ஆசிரியர் எதற்கு? தபால்காரர் போதுமே.

2004-ம் வருடத்தை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரே வருடத்தில் தமிழ்நாடு இரண்டு பெரிய துக்கங்களைப் பார்த்தது. ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். கருகிய பிஞ்சு உடல்களை வரிசையாகக் கிடத்தியிருந்த படங்கள் பல பத்திரிகைகளில் வந்தன, டிவியில் திரும்பத் திரும்ப ஓடின. ஐந்தே மாதத்தில், டிசம்பர் 26-ல் சுனாமி. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று நம் கரை முழுக்கப் பிணக்காடு. மணக்குடிப் பாலமே அடித்துக்கொண்டு போனது. ஒரே குழியில் பலரைச் சேர்த்து அடக்கம் செய்த இடங்களில் இன்றும் ஒவ்வொரு டிசம்பர் 26-க்கும் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். அன்றைய படங்களிலும் உடல்கள், மேலும் உடல்கள். துணி விலகிக் கிடந்த பெண்களைக்கூட அப்படியே போட்டார்கள்.

அதே சுனாமியில், டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா கடலூரில் ஒரு படம் எடுத்தார். மணலில் குப்புற விழுந்து, இரண்டு உள்ளங்கையையும் மேலே விரித்து அழும் ஒரு பெண். இறந்துபோன உறவினரின் உடல் அந்தப் படத்துக்குள் இல்லை. ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரியும், அவ்வளவுதான். அந்த வருடத்தின் சிறந்த உலகப் பத்திரிகைப் படமாக அது தேர்வானது. உலகம் முழுக்கப் பார்த்து அழுதார்கள். பிணத்தைக் காட்டினால்தான் மக்களுக்குப் புரியும், அப்போதுதான் உதவி வரும் என்று சொல்பவர்களுக்கு என் பதில் இந்தப் படம்தான். இறந்தவரின் முகம் ஒன்றுகூட இல்லாமல் முழுத் துக்கத்தையும் சொல்ல முடியும் என்று நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே ஒருவர் காட்டிவிட்டார்.

சுனாமிக்குப் பிறகு பள்ளி திறந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். கணக்குப் பாடத்தில் காம்பஸ் எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே நான்காக மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்று இருந்தது. எந்தப் பத்திரிகை என்று சொல்லப்போவதில்லை. நாலு பேர் அவன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும் படம். என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "சார், இதுல அம்மைக்குச் சேல சரியா இல்ல. இத எல்லாரும் பாத்திருப்பாங்கல்லா?"

நான் அந்தத் துண்டை வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினான். வீட்டோடு கல்யாண ஆல்பமும் ரேஷன் கார்டும் கடலில் போய்விட்டன. அவனிடம் இருந்த அம்மாவின் ஒரே படம் அதுதான். பார்க்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. பக்கத்தில் கொஞ்சம் இடம் நிரப்ப வேண்டும் என்று அன்றிரவு யாரோ எடுத்த முடிவைப் பதின்மூன்று வயதுப் பையன் கணக்குப் பெட்டிக்குள் வைத்துச் சுமந்துகொண்டிருந்தான். பத்திரிகைக்காரர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கு அது ஒரு நாள் தாள். மறுநாள் கடையில் வடை மடிக்கப் போய்விடும். அந்த வீட்டுக்கு அது அப்படி இல்லை.

அப்படியானால் கொடுமையான எதையும் காட்டவே கூடாதா? இல்லை. அதை நான் சொல்லவில்லை.

2018 மே 22. தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போனவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு, 13 உயிர்கள். வேனின் மேல் நின்று துப்பாக்கியைக் குறிபார்க்கும் சாதாரண உடைக் காவலரின் படம் வந்ததே, அது வந்திருக்காவிட்டால் அன்று நடந்ததை நாம் எவ்வளவு நம்பியிருப்போம்? பிறகு நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமே போலீஸ் மேல் தவறு கண்டது. அந்தப் படத்தை ஒரு ஆசிரியர், "பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது" என்று ஒதுக்கியிருந்தால் அது பெரிய துரோகம்.

ஒக்கியையும் நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் 30-க்குப் பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று நம் மேற்குக் கரையில் எத்தனை வீட்டில் ஆள் திரும்பவில்லை! கிடைத்த உடல்களிலும் சிலவற்றை மரபணுச் சோதனை செய்துதான் அடையாளம் கண்டார்கள். அந்த உடல்களின் படமா நம் மனதில் நிற்கிறது? இல்லை. கணவனின், மகனின் பாஸ்போர்ட் அளவு போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்கள்தான் நிற்கிறார்கள். டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்த சனம்தான் நிற்கிறது. தேடுதலை வேகப்படுத்து என்று கேட்ட குரலை அந்தப் படங்கள்தான் மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோயின.

ஆகவே என் அளவுகோல் இது: அதிகாரத்தில் இருப்பவர் செய்ததைக் காட்டுங்கள், முகத்தோடு காட்டுங்கள். அடிபட்டுக் கிடப்பவரின் முகத்தை மூடுங்கள். மூடாமல் காட்டியே தீர வேண்டிய நாள் எப்போதாவது வரும். 1972-ல் வியட்நாமில் நேபாம் குண்டில் எரிந்து ஆடையில்லாமல் ஓடிவந்த சிறுமியின் படம் அப்படிப்பட்டது. நிர்வாணப் படம் கூடாது என்பது அன்று ஏ.பி. செய்தி நிறுவனத்தில் இருந்த விதி. சைகோன் அலுவலகத்தில் வாக்குவாதம் நடந்தது. படப் பிரிவின் பொறுப்பில் இருந்த ஹார்ஸ்ட் ஃபாஸ், இதை அனுப்பியே ஆக வேண்டும் என்று நின்றார். அங்கே விதியை மீறினார்கள். ஆனால் விவாதித்து, காரணம் தெரிந்து மீறினார்கள். நான் கேட்பது அந்த விவாதத்தைத்தான். நம் ஊர் மேசைகளில் அது நடக்கிறதா?

"அப்போ அரசாங்கமே ஒரு கட்டுப்பாடு கொண்டு வரட்டும் சார்" என்று யாராவது சொல்வீர்கள். வேண்டவே வேண்டாம். நெல்லைச் சம்பவத்தில் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். அந்தச் சாவுகளை வைத்து முதல்வரையும் ஆட்சியரையும் காவல்துறையையும் சாடிக் கார்ட்டூன் போட்ட பாலாவை, அதே 2017 நவம்பர் 5-ல் சென்னையில் வைத்துக் கைது செய்தார்கள். எரிந்த குழந்தைகளின் படம் ஊரெல்லாம் சுற்றியதற்கு இல்லை, அதிகாரிகளைக் கோட்டோவியமாகப் போட்டதற்குத்தான் கைது. கத்தரிக்கோலை அரசிடம் கொடுத்தால் அது எதை வெட்டும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்க்கும் படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே ஒட்டுவேலை செய்து வெளியிட்டு, பிறகு நீக்கியது. படத்தின் நேர்மைக்கு அவர்களைக் காவல் வைக்க முடியாது.

சட்டம் ஓரளவுக்கு இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-ன்படி பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2018-ல் கத்துவாவில் கொல்லப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் அடையாளத்தை வெளியிட்ட ஊடக நிறுவனங்களை, தலைக்கு 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். தற்கொலைச் செய்திகளில் படம், வீடியோ போடக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-ல் வழிகாட்டி தந்தது. அந்தக் கவுன்சிலுக்கு எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டும்தான் அதிகாரம், அபராதம் போட முடியாது. டிவியும் யூடியூப்பும் அதன் வரம்புக்குள்ளேயே வராது. எனவே மிச்சமிருப்பது ஆசிரியரின் மனசாட்சியும், வாசகர்களாகிய நாமும்தான்.

நான் பத்திரிகைக்கு எதிரி இல்லை என்று உங்களுக்குத் தெரியும். நம் மாவட்டத்தார் யாரும் அப்படி இருக்க முடியாது. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த போராட்டத்துக்குப் பத்திரிகை பெரிய துணை. வடசேரியைச் சேர்ந்த டி.வி. ராமசுப்பையர் 1951-ல் திருவனந்தபுரத்தில் தினமலரைத் தொடங்கியதே இந்தத் தமிழ்ப் பகுதிகளின் குரலுக்காகத்தான். காலையில் சாயாவோடு பேப்பர் இல்லாவிட்டால் எனக்கு அந்த நாளே விடியாது. உரிமையோடு கேட்கிறேன், அவ்வளவுதான்.

பத்திரிகையில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளிடம் கேட்பது இது. ஒரு படத்தைப் போடும் முன் மேசையில் யாராவது ஒருவர் வாய்விட்டுக் கேளுங்கள்: இவர் வீட்டாருக்குத் தகவல் போய்விட்டதா, அல்லது நம் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்களா? முகம் இல்லாமல் இந்தச் செய்தி புரியாதா? இது என் வீட்டு ஆளாக இருந்தால் இதே அளவில் போடுவேனா? பதில் சரியாக இருந்தால் தைரியமாகப் போடுங்கள். யாராவது கேள்வி கேட்டால், இன்ன காரணத்துக்காகப் போட்டோம் என்று மறுநாள் இரண்டு வரி எழுதுங்கள். தி இந்து ஆங்கில நாளிதழ் 2006-லேயே வாசகர்களின் புகாரைக் கேட்பதற்கென்று தனியாக ஓர் ஆசிரியரை நியமித்தது.  நம் தமிழ்ப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் அப்படி ஒருவர் இருந்தால் என்ன குறைந்துவிடும்? முக்கியமாக, படம் அனுப்பாத நிருபரைக் காலையில் போன் போட்டுத் திட்டாதீர்கள்.

மற்ற எல்லாருக்கும்: உங்கள் கையில் போன் இருக்கிறது, குழு இருக்கிறது. ஒரு படத்தை இன்னொரு குழுவுக்கு அனுப்பும்போது நீங்களும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். முகம் தெரியும் உடல்களை, எரிந்த பிள்ளைகளை, அழும் தாய்களை அனுப்பாதீர்கள். "பார்த்துக் கவனமா இருங்க" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அது சரியாகிவிடாது.

இன்னொன்றும் செய்யலாம். ஒவ்வொரு நாளிதழிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயரை முகவரியோடு போட்டிருப்பார்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும். சட்டப்படி அந்தப் பெயர் இருந்தாக வேண்டும். அச்சில் வருவதற்குப் பொறுப்பானவர் அவர்தான். அடுத்த முறை ஒரு படம் உங்கள் மனதை அறுத்தால், குழுவில் நிருபரைத் திட்டி நேரத்தை வீணாக்காமல் அந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி, பக்க எண், என்ன தப்பு, ஏன் தப்பு. நாலே வரி. உறவுமுறைக் கடிதமும் அலுவலகக் கடிதமும் எழுத உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன், மறந்திருக்காது. ஒரு கடிதத்தை ஒதுக்கிவிடுவார்கள். ஒரே படத்துக்கு ஐம்பது கடிதம் வந்தால் ஆசிரியர் கூட்டத்தில் பேச வேண்டி வரும்.

பத்திரிகையில் இருக்கும் பிள்ளைகள், நடைமுறையில் எது தடையாக இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். பெயர் போடத் தயக்கம் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

அந்த முகவரி ரொம்பப் பொடி எழுத்தில் இருக்கும். என் வயதுச் சொந்தங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்.